வோக்கிங் கோல்ஃப் மைதானம்: ஃபேர்வே நடுவே இரண்டு பங்கர்கள்

மணல்மேடு எழுதியது:

இங்கிலாந்தின் சர்ரே பக்கம் கோல்ஃப் என்றால் நம் ஆட்கள் சன்னிங்டேல், வென்ட்வொர்த், வால்டன் ஹீத் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். டி.வி.யில் வருவது அவைதான். ஆனால் அந்த வட்டாரத்து ஹீத் (ஹெதர் என்ற குறுஞ்செடி மண்டிய திறந்த மணல் நிலம்) மைதானங்களில் மூத்தது என்று பெயர் வாங்கியது வோக்கிங். 1893இல் தொடங்கியது; 1901இல் திறந்த சன்னிங்டேலுக்கு எட்டு வயது மூத்தது. லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வோக்கிங் ஸ்டேஷன். ஹெதர் பூத்திருக்கும் ஆகஸ்டில் அங்கே ஆடக் கிடைத்தது. மைதான அமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். கோல்ஃப் என்றால் கடற்கரை மணல் என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உள்நாட்டு மைதானங்கள் பெரும்பாலும் களிமண். குளிர்காலத்தில் சேறு, கோடையில் வெடித்த பாளம். லண்டனுக்குத் தென்மேற்கே மட்டும் பாக்ஷாட் மணல் என்ற படிவம் பரவிக் கிடக்கிறது. சத்தில்லாத, அமிலத்தன்மை உள்ள மண். பயிர் வைத்தால் தேறாது. ஹெதர், கார்ஸ் முட்புதர், பைன், பிர்ச் இவைதான் தானாக வளரும். விவசாயி கைவிட்ட அதே நிலம் கோல்ஃபுக்கு அருமையானது: மழை நின்ற கையோடு தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது, புல் குட்டையாகவும் கெட்டியாகவும் நிற்கிறது, பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் ஓடுகிறது.

லண்டன் டெம்பிள் பகுதியைச் சேர்ந்த சில பாரிஸ்டர்கள்தான் இதைக் கண்டுகொண்டு கிளப்பை ஆரம்பித்தவர்கள். முதல் அமைப்பு டாம் டன் போட்டது. அவர் பாணி அந்தக் காலத்துக்கே உரியது: ஃபேர்வேயின் (புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பங்கரும் (மணல் குழி) மண் அணையும். பந்தைத் தூக்கி அடித்தால் தாண்டும், தரையோடு உருட்டிவிட்டால் மாட்டும். அவ்வளவுதான் கேள்வி. நன்றாக ஆடுபவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இதை மாற்றியவர்கள் இரண்டு உறுப்பினர்கள்: ஜான் லோ, ஸ்டூவர்ட் பேட்டன். இருவரும் தொழிலாக மைதானம் அமைத்தவர்கள் இல்லை. லோ ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கோல்ஃபிங் சொசைட்டியின் முதல் கேப்டன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் விதிகள் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர். பேட்டன் வோக்கிங்கிலேயே ஊறியவர். ஒவ்வொரு கிரீனாக (குழியும் கொடியும் உள்ள வழவழப்பான புல்தரை), பல வருடங்கள் கொத்தியும் மேடாக்கியும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

4வது ஹோலுக்கு வருகிறேன். 350 கஜத்தை எட்டாத பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டியது). வலது பக்கம் முழுக்க சவுத்தாம்ப்டன் போகும் ரயில் பாதை. அந்தப் பக்கம் போனால் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது எல்லைக்கு வெளியே. 1900களின் தொடக்கத்தில் லோவும் பேட்டனும் செய்தது என்னவென்றால், டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) அடித்த நல்ல அடி எங்கே வந்து நிற்குமோ, ஃபேர்வேயின் நட்டநடுவே அந்த இடத்தில் இரண்டு சிறிய பங்கர்களை வெட்டினார்கள்.

முன்மாதிரி செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 16வது ஹோல். அங்கே 'பிரின்சிபல்ஸ் நோஸ்' என்ற பங்கர் கூட்டம் பாதை நடுவே இருக்கிறது, வலது பக்கம் அந்நாளில் ரயில் ஓடியது. வோக்கிங்கில் அதே ஏற்பாடு: நடுவில் பங்கர், வலதில் ரயில். தைரியமாக இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான சந்தில் பந்தை வைத்தால் அடுத்த அடிக்கு கிரீன் முகம் கொடுத்து நிற்கும். இடது பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது, ஆபத்தே இல்லை. ஆனால் அங்கிருந்து கிரீனுக்குப் போகும் கோணம் மோசம். நல்ல அடியைக்கூட நிறுத்துவது கஷ்டம்.

உறுப்பினர்கள் கொதித்துவிட்டார்கள். அந்த நாளில் டாம் சிம்ப்ஸன் என்ற இளம் வக்கீலும் அங்கே உறுப்பினர். கிளப்ஹவுஸில் எல்லாரும் திட்டுவதைக் கேட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தார். பார்த்ததும், இதுதான் சரி என்று அவருக்குப் பட்டது. அதன் பிறகு மைதான அமைப்பையே தொழிலாக எடுத்துக்கொண்டார். பிரான்ஸில் மோர்ஃபோன்டேனும் ஷான்டியும் அவர் கைவேலை. இந்த இரண்டு பங்கர்களைப் பார்க்கவே பல நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

---

ஏழாம்அயர்ன் எழுதியது:

அருமையான பதிவு சார். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நேராக, நடுவில் அடிப்பதுதானே இந்த விளையாட்டின் அடிப்படைத் திறமை? சின்ன வயதில் கோல்ஃப் பை சுமக்கும் கேடிகளிடம் கற்றுக்கொண்டதும் அதுதான்: நடுவில் போடு, மற்றது தானாக நடக்கும். நடுவில் அடித்தவனுக்குத் தண்டனை, இடது பக்கம் இழுத்து அடித்தவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் அது என்ன நியாயம்? வோக்கிங் உறுப்பினர்கள் கோபப்பட்டதில் தப்பில்லை என்றே சொல்வேன்.

---

மணல்மேடு எழுதியது:

ஏழாம்அயர்ன், உங்கள் கேள்விதான் நூற்றிருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டை. லோவின் பதில் நேரடியானது: எந்த இடத்தில் வெட்டினாலும் சரி, ஒரு பங்கர் அநியாயம் ஆகாது. ஏனென்றால் அது டீயிலிருந்து உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. அதைத் தவிர்ப்பது உங்கள் பொறுப்பு.

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். 'நடு' என்பது யார் முடிவு செய்தது? இருபக்கமும் ரஃப் (நீளப் புல்) வளர்த்து, ஒரே அளவு அகலத்தில் ஒரு பாதை வெட்டினால் நடு என்று ஒன்று பிறக்கிறது. அப்போது ஆடுபவர் பார்ப்பது கயிறு கட்டிய வழி மட்டும். கிரீனைப் பார்ப்பதே இல்லை. 4வது ஹோலில் டீயில் நின்றபோது நான் முதலில் பார்த்தது கிரீனில் கொடி எங்கே நடப்பட்டிருக்கிறது என்று. அன்று அது இடது பக்கம் ஓரமாக இருந்தது. அப்படியானால் வலது சந்துக்குப் போகவேண்டியதன் அவசியம் இன்னும் கூடுகிறது. காற்று இடதிலிருந்து வலது பக்கம், ரயிலை நோக்கி. டிரைவர் (மிக நீளமாக அடிக்கும் கோல்) எடுத்தால் பங்கர் தாண்டலாம், ஆனால் ரயிலும் பக்கத்தில் வந்துவிடும். அதைவிடத் தூரம் குறைந்த 5 வுட் எடுத்தால் பங்கருக்கு முன்னாலேயே நிறுத்தலாம், அடுத்த அடி நீளும். ஒரு பந்துக்கு முன்னால் இத்தனை யோசனை. டாம் டன்னின் குறுக்கு அணைக்கு முன்னால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

அப்புறம் 'இடது பக்கம் போனவனுக்கு ஒன்றும் இல்லை' என்கிறீர்கள். அவனுக்கும் உண்டு. உடனே தெரியாது, கிரீனில் மூன்றாவது பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) அடிக்கும்போது தெரியும். தவறுக்கான விலையை அந்த இடத்திலேயே கறக்காமல் அடுத்த அடிக்குத் தள்ளிவைப்பதுதான் லோ, பேட்டன் இருவரின் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

---

கல்தூண் எழுதியது:

இன்றைய டிரைவருக்கு அந்த பங்கர் எல்லாம் ஒரு பொருட்டா? ஒற்றை இலக்க ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையின் அளவு; குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்) வைத்திருக்கும் இருபது வயதுப் பையன் தலைக்கு மேலேயே பறக்கவிட்டுப் போவான். அவனுக்கு இந்த 'கேள்வி' எங்கே இருக்கிறது? மியூசியத்தில் வைக்க நல்ல ஹோல், ஒத்துக்கொள்கிறேன். ஆடுவதற்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

---

மணல்மேடு எழுதியது:

நியாயமான சந்தேகம். நீளமாக அடிப்பவருக்கு பங்கரின் பிடி தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அவருக்கும் ரயில் பாதை இருக்கிறது, கிரீனின் சாய்வு இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்ற கணக்கு அவருக்கும் மாறுவதில்லை. மிச்சம் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு (கோல்ஃப் ஆடுபவர்களில் பெரும்பான்மை நாம்தான்) பங்கர் இன்னும் சரியான தூரத்தில்தான் நிற்கிறது.

உண்மையில் வோக்கிங்கை இன்றும் காப்பாற்றுவது கிரீன்கள். 4வது ஹோலைப் பற்றியே எல்லாரும் எழுதுவதால் இது மறைந்துவிடுகிறது. மொத்த மைதானமும் பார் 70. இன்றைய அளவுக்கு நீளம் குறைவு. முதல் ஹோல் 300 கஜம்கூட இல்லை. ஸ்கோர் கார்டைப் பார்த்தால் சுலபம் என்றே தோன்றும். கிரீனுக்குப் போனால்தான் பேட்டன் பல வருடங்கள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது புரிகிறது.

பல கிரீன்களில் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தாழ்த்திய வழக்கமான சாய்வு இல்லை. நடுவில் ஒரு வரப்பு ஓடும், ஒரு மூலை மட்டும் கீழே இறங்கும், சில இடங்களில் கிரீனே நம்மை விட்டு அப்பால் சாயும். கொடிக்குப் பத்தடி தூரத்தில் பந்து விழுந்தது, கைதட்டினோம். நடந்து போவதற்குள் அது மெதுவாக வரப்பேறித் திரும்பி, எதிர்மூலையில் போய் நின்றது. என்னோடு ஆடிய உள்ளூர் பெரியவர் அதே இடத்துக்குக் குறிவைக்கவே இல்லை. முப்பது கஜம் முன்னாலேயே, ஃபேர்வேயில், தாழ்வாக ஒரு பந்தை இறக்கினார். அது ஓடி, வரப்பைத் தொட்டு, வளைந்து, கொடிப் பக்கம் போனது. எழுபதைத் தாண்டியவர். தூரம் அடிப்பவர் இல்லை. நிலத்தைப் படித்து வைத்திருக்கிறார்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் தரை கெட்டியாக இருக்க வேண்டும். ஈரமான மைதானத்தில் இந்த கிரீன்களுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். மண்ணைப் பற்றி முதலில் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

14வது கிரீன் கிளப்ஹவுஸ் வராந்தாவுக்கு நேர் கீழே இருக்கிறது. கிளப்ஹவுஸ் பழைய கிரிக்கெட் பெவிலியன் மாதிரி இருக்கும், பகட்டு கிடையாது. மேலே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க, நீங்கள் பட் அடிக்க வேண்டும். கை நடுங்கத்தான் செய்யும்.

---

ஊட்டிப்பனி எழுதியது:

அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி அண்ணா. ஹெதரில் பந்து விழுந்தால் உண்மையில் எப்படி இருக்கும்? போட்டோவில் ஊதா நிறத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கார்ஸ் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் ஊட்டி மைதானத்திலும் மஞ்சள் பூவோடு இருக்கிறது; வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது. இங்கே அது புல்வெளியைத் தின்னும் களை. இங்கிலாந்தில் அதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டபோது விசித்திரமாக இருந்தது.

இன்னொரு கேள்வி. அந்த மைதானங்களில் மரங்களை வெட்டுகிறார்கள் என்று படித்தேன். சுற்றுச்சூழல் பேசும் நாட்டில் இது எப்படி?

---

பச்சைவண்டி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். இங்கிலாந்தில் ஒரு ஹீத் மைதானத்தில் மைதானத்தைப் பராமரிக்கும் கிரீன்கீப்பராக வேலை பார்க்கிறேன் (வோக்கிங் இல்லை).

ஹீத் நிலம் தானாக உண்டானது இல்லை. வெண்கலக் காலத்திலிருந்தே மனிதன் காட்டை அழித்து, ஆடு மாடு மேய்த்து, கரட்டுப் புல்லை வெட்டி அடுப்பெரித்து, கார்ஸைக் கட்டுக்கட்டாக விறகுக்கு எடுத்து உண்டாக்கிய நிலம். சத்து வெளியே போய்க்கொண்டே இருந்ததால் மண் ஏழையானது. ஏழை மண்ணில்தான் ஹெதர் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சல் நின்றுபோனது. உடனே பிர்ச்சும் பைனும் உள்ளே வந்தன. இலை உதிர்ந்து மக்கி மண் கொழுத்தது, நிழல் விழுந்தது, ஹெதர் செத்தது. 1800இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஆறில் ஒரு பங்குதான் இன்று மிச்சம். உலகத்தில் உள்ள இந்த வகை நிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டனில் இருக்கிறது என்பதால் இது சின்ன இழப்பு இல்லை.

இதை நம்பி வாழும் உயிர்கள் தனி. இங்குள்ள பக்கிக் குருவி வெறும் தரையில்தான் முட்டை வைக்கும். டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவிக்கு கார்ஸும் ஹெதரும் வேண்டும். மணல் பல்லிக்கு வெயில் காயும் வெற்று மணல் வேண்டும். இவற்றுள் எதுவும் அடர்ந்த பைன் தோப்பில் வாழாது. சர்ரே, பார்க்ஷயர், ஹாம்ப்ஷயர் மூன்றிலும் சிதறிக் கிடக்கும் ஹீத் துண்டுகளைச் சேர்த்து 'தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்' என்று 2005இல் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததும் இதற்காகத்தான்.

ஆகவே நாங்கள் செய்யும் வேலை: குளிர்காலத்தில் மரம் குறைப்பது, மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து அடியில் உள்ள மணலை வெளிக்காட்டுவது. அடியில் வருடக்கணக்காகப் புதைந்து கிடந்த ஹெதர் விதை அப்போது முளைக்கும். வேறு இடத்தில் அறுத்த ஹெதரைக் கொண்டுவந்து பரப்புவதும் உண்டு. முதல் வருடம் பார்த்தால் வெறும் கருப்பு மண். மூன்றாம் வருடம் கையளவு செடி. அதுவரை உறுப்பினர்களின் கோபத்தைத் தாங்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவர் ஒரே ஒரு பைன் மரத்துக்காகப் பல மாதம் என்னோடு பேசவில்லை.

மரம் குறைந்தால் கோல்ஃபுக்கும் லாபம்: காற்று உள்ளே வரும், கிரீன் காயும், அகலம் திரும்பக் கிடைக்கும். மணல்மேடு சொன்ன அந்த 'எந்தப் பக்கம்' என்ற கணக்கு, இருபக்கமும் மரச்சுவர் எழும்பிவிட்டால் செத்துப்போகும்.

---

ஊட்டிப்பனி எழுதியது:

இப்போது புரிகிறது. நீலகிரியிலும் இதே கதைதான். இங்குள்ள புல்வெளிகளை 'வீண் நிலம்' என்று கருதி வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். இன்று அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கிறோம் என்றால், 'மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்' என்று வெளியூர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மரம் நிறைய இருந்தால் நல்லது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. உங்கள் விளக்கத்தை எங்கள் ஆட்களுக்கும் அனுப்பப் போகிறேன்.

---

மணல்மேடு எழுதியது:

ஹெதர் பற்றிக் கேட்டதற்கு. முழங்காலுக்குக் கீழேதான் உயரம், ஆனால் தண்டு கம்பி மாதிரி. பந்து மேலே நிற்காது; உள்ளே இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். நின்று பார்த்தால் வெள்ளையாக ஒரு பொட்டுதான் தெரியும். அயர்னை (இரும்பு முகக் கோல்) வீசும்போது அந்தத் தண்டுகள் கோலின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன, கோலின் முகம் மூடிக்கொள்கிறது, வலதுகைக்காரர் அடித்த பந்து இடது பக்கம் பத்து கஜம் தாண்டி இன்னொரு ஹெதரில் விழும். வெட்ஜ் (பந்தைத் தூக்கிக் குறைந்த தூரம் அடிக்கும் கோல்) எடுத்து, அதை இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுத்துவிடுவது ஒன்றுதான் புத்திசாலித்தனம். அந்த ஊர்ப் பெரியவரின் அறிவுரையும் அதுவே. பங்கர்களின் மேல் உதட்டிலும் ஹெதரை வளர்க்கிறார்கள். பார்க்க அழகு, மாட்டினால் அதோகதி.

---

வேலிமுள் எழுதியது:

கோல்ஃப் எனக்கு அவ்வளவாக வராது, வரலாறு பிடிக்கும். வோக்கிங் பகுதியைப் பற்றிச் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு.

அந்த நிலம் முதலில் யாருடையது தெரியுமா? லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி. லண்டனில் பிணம் புதைக்க இடம் போதாமல், 1852 சட்டப்படி வோக்கிங் பொதுநிலத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் வாங்கிய நிறுவனம். புரூக்வுட் கல்லறைத் தோட்டம் 1854இல் திறந்தது. வாட்டர்லூ பக்கத்திலிருந்து சவப்பெட்டிகளுக்கும் துக்கத்துக்கு வருபவர்களுக்கும் தனி ரயிலே ஓடியது. 1941இல் லண்டன் நிலையம் குண்டுவீச்சில் சேதமாகும் வரை. கம்பெனி எதிர்பார்த்த அளவு நிலம் கல்லறைக்குத் தேவைப்படவில்லை. மிஞ்சியதை விற்றார்கள், குத்தகைக்கு விட்டார்கள். கோல்ஃப் மைதானத்துக்கு நிலம் கிடைத்தது அந்த வழியில்தான்.

அந்த ரயிலின் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருந்ததால் பல பத்தாண்டுகள் ஏறவே இல்லை. வழக்கமான டிக்கெட்டைவிட மலிவு என்பதால் கோல்ஃப் ஆட வருபவர்கள் துக்க வீட்டுக்காரர்கள் போல உடுத்திக்கொண்டு அதில் வந்தார்கள் என்று ஒரு கதை அங்கே பரவலாகச் சொல்லப்படுகிறது.

புரூக்வுட்டில் பார்சிகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1904இல் ஜெர்மனியில் காலமானபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

மைதானத்தை ஒட்டிய ஹுக் ஹீத்தில் இசையமைப்பாளர் எதெல் ஸ்மித் 1910 முதல் 1944இல் இறக்கும் வரை வாழ்ந்தார். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர், அதே அளவுக்கு கோல்ஃப் பைத்தியம். எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் உண்ணாவிரதத்துக்குப் பிறகு உடல் தேற அந்த வீட்டில் தங்கியிருக்கிறார்.

---

மணல்மேடு எழுதியது:

வேலிமுள், இதை ஆடப் போகுமுன் படித்திருந்தால் புரூக்வுட்டுக்கும் ஒரு நடை போயிருப்பேன். பெண்கள் கோல்ஃபைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். பக்கத்து மைதானமான வொர்ப்பிள்ஸ்டனில் 1921 முதல் ஆணும் பெண்ணும் சேர்ந்து மாறி மாறி ஒரே பந்தை அடிக்கும் போட்டி நடக்கிறது. ஜாய்ஸ் வெதர்ட் அதை எட்டு முறை, ஏழு வெவ்வேறு ஜோடிகளோடு வென்றார். அந்த ஏழு பேரில் ஒருவர் பெர்னார்ட் டார்வின். சார்ல்ஸ் டார்வினின் பேரன், டைம்ஸ் பத்திரிகையின் கோல்ஃப் எழுத்தாளர், வோக்கிங் உறுப்பினர்.

---

கல்தூண் எழுதியது:

மணல்மேடு, உங்கள் பதிலில் பாதியை ஏற்கிறேன், கிரீன்களைப் பற்றிய பாதியை. பங்கர் விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது. டீயைப் பின்னுக்குத் தள்ளாமல் அது முழுசாக உயிர் பெறாது. இருந்தாலும் நேரில் பார்க்க ஆசை வந்துவிட்டது. அக்டோபரில் லண்டன் வருகிறேன். ஒரே நாள்தான் கிடைக்கும். அங்கே போவது எப்படி, பக்கத்தில் வேறு எதைச் சேர்க்கலாம்?

---

மணல்மேடு எழுதியது:

டீயைப் பின்னுக்குத் தள்ள அங்கே ரயில் விடாது, நல்லவேளை.

உறுப்பினர்களின் கிளப் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வாரநாள் கேளுங்கள், ஹேண்டிகேப் சான்றைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு பேராகப் போனால் வேகமாக ஆடி முடிக்கலாம், அந்த ஊர் வழக்கமும் அதுதான். வோக்கிங், வெஸ்ட் ஹில், வொர்ப்பிள்ஸ்டன் மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் பகல் நீளமான மாதமாக இருந்தால் இரண்டை ஒரே நாளில் முடிக்கலாம். அக்டோபரில் வெளிச்சம் போதாது. காலையில் வோக்கிங் மட்டும் ஆடுங்கள், மத்தியானம் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி புரூக்வுட். 4வது டீயில் கொடி இடது பக்கம் இருந்தால் வலது சந்தை முயற்சி பண்ணிப் பாருங்கள், என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள்.